சென்னைக்குப் போகும் பாக்கெட் மார்செய் போய்த் திரும்புவது ஏன்?

கேள்வி, 27 ஜனவரி 2024

தைப்பூசத்தன்று இங்கே மொரீசியஸில் கத்ர் போர்ன் மலைக்கோயில் காவடியை யூடியூபில் நேரலையாக விட்டோம். சென்னையில் இருக்கும் என் பெரியம்மா படம் தெளிவாக வந்தது என்று சந்தோஷப்பட்டார். அன்று மாலையே அவரை வீடியோ காலில் கூப்பிட்டேன். நான் பேசி முடித்தபிறகு அவர் பதில் வர ஒரு இடைவெளி. பாதி நேரம் இருவர் பேச்சும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது. நம் தீவிலிருந்து கொச்சிக்கு நேராகவே கடலடிக் கேபிள் போகிறதே, பிறகு ஏன் இப்படி? கம்பெனிக்காரர்கள் வேண்டுமென்றே வேகத்தைக் குறைக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

பதில், 27 ஜனவரி 2024, இரவு

வேகம் வேறு, தாமதம் வேறு. நூறு மெகாபிட் லைன் என்றால் ஒரு நொடிக்கு எவ்வளவு தகவல் வரும் என்பதுதான் அந்த எண். முதல் பாக்கெட், அதாவது தகவலின் ஒரு சிறு துண்டு, எப்போது வந்து சேரும் என்பது அதில் இல்லை. உங்கள் லைனில் வேகத்துக்குக் குறை இருப்பதாகத் தெரியவில்லை, இருந்திருந்தால் நேரலையும் திக்கியிருக்கும்.

நேரலையில் நீங்கள் அனுப்பும் படத்தை யூடியூப் சின்னச் சின்னத் துண்டாக்கி, பார்ப்பவருக்குப் பக்கத்தில் இருக்கும் சர்வரில் கொண்டுபோய் வைக்கிறது. பெரியம்மாவின் போனும் சில நொடிப் படத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டுதான் காட்டுகிறது. காவடி அவர் கண்ணுக்குச் சில நொடி பிந்தித்தான் வந்திருக்கும், அது யாருக்கும் தெரியாது. பேச்சில் அப்படிச் சேர்த்துவைக்க வழி கிடையாது. குரல் ஒரு பக்கம் போய்ச்சேர 150 மில்லிநொடிக்குள் ஆனால்தான் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதைத் தாண்டத் தாண்ட ஒருவரை ஒருவர் இடைமறிக்க ஆரம்பிப்போம்.

கேபிள் பற்றி நீங்கள் சொன்னது சரி. சேஃப் என்ற அந்தக் கேபிள் 2002 முதல் ஓடுகிறது. தென்னாப்பிரிக்காவின் மெல்க்போஸ்ஸ்ட்ராண்டில் தொடங்கி, டர்பனுக்கு வடக்கே உம்தூன்சினி, ரீயூனியனில் சேன் போல், நம் தெற்குக் கரையில் பெ ஜாக்கோத்தே, அங்கிருந்து கொச்சி, பினாங்கு. மொத்தம் சுமார் 13,500 கிலோமீட்டர்.

ஒரு வேலை செய்யுங்கள். கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, சென்னையிலேயே சர்வர் வைத்திருக்கும் ஏதாவது ஒரு தளத்துக்கு, பாக்கெட் போகும் வழியைப் படிப்படியாகக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளையை ஓட்டி, வருவதை அப்படியே இங்கே ஒட்டுங்கள். பெரிய கம்பெனிகளின் தளம் வேண்டாம். அவை பெரும்பாலும் நம் தீவுக்குள்ளேயே நகல் வைத்திருக்கும். பாக்கெட் சென்னைக்குப் போகாது.

28 ஜனவரி 2024

நீங்கள் ஒட்டியதைப் பார்த்தேன். வழியில் வரும் ஒவ்வொரு ரவுட்டரும், அதாவது பாக்கெட்டை அடுத்த இடத்துக்குக் கடத்தும் கருவியும், ஒரு படி. முதல் நான்கு படியும் சில மில்லிநொடிக்குள், அதாவது தீவுக்குள். ஐந்தாவது மூன்று நட்சத்திரக் குறி. ஆறாவதில் ஒரே தாவல், போய்வர 160 மில்லிநொடி. அந்த ரவுட்டரின் பெயருக்குள் 'எம்.ஆர்.எஸ்' என்று இருப்பதைக் கவனியுங்கள். நெட்வொர்க் வேலை செய்பவர்கள் ரவுட்டருக்குப் பெயர் வைக்கும்போது விமான நிலையக் குறியீட்டைச் செருகுவது வழக்கம். எம்.ஆர்.யூ என்றால் நம் பிளேசான்ஸ் விமான நிலையம். எம்.ஆர்.எஸ் என்றால் பிரான்சின் மார்செய். ஓர் எழுத்துதான் வித்தியாசம், அவசரத்தில் படித்தால் இன்னும் ஊருக்குள்ளேயே இருப்பதாகத் தோன்றும். ஒன்பதாவது படியில் மும்பை, 265. கடைசியில் சென்னை, 280-ஐ ஒட்டி.

ஆக, பெரியம்மாவுக்குப் போகும் பாக்கெட் வடக்கே ஐரோப்பாவரை ஏறி, மறுபடி இந்தியாவுக்கு இறங்குகிறது.

நேராகப் போனால் எவ்வளவு ஆகும்? கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆயிரம் கிலோமீட்டர் போய்த் திரும்ப 10 மில்லிநொடி. இங்கிருந்து கொச்சி 4,000 கிலோமீட்டர் சுமார். போகவர 40. கேபிள் வளைந்து கிடப்பது, கொச்சியிலிருந்து சென்னைவரை தரைவழி, நடுவில் ரவுட்டர்கள் எல்லாம் சேர்த்துத் தாராளமாகக் கூட்டினாலும் 70, 80-க்குள் முடிய வேண்டும். 280 வருகிறது. மிச்சமெல்லாம் சுற்றுவழி.

3 பிப்ரவரி 2024

எட்டாவது படியில் 410 என்று இருப்பதால் அந்த ரவுட்டர்தான் கோளாறு என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். டிரேஸ்ரூட் வேலை செய்யும் விதம் தெரிந்தால் இது புரியும். வான் ஜேக்கப்சன் என்பவர் 1980-களின் பிற்பகுதியில் எழுதிய கருவி. யோசனை மிக எளிது.

ஒவ்வொரு பாக்கெட்டின் நெற்றியிலும் ஓர் எண் உண்டு. வழியில் ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும். பூஜ்யமானால் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, 'உன் பாக்கெட் இங்கே செத்துவிட்டது' என்று அனுப்பியவருக்குத் தகவல் விடும். வழி தெரியாமல் பாக்கெட்டுகள் வட்டமடித்துக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு இது. டிரேஸ்ரூட் வேண்டுமென்றே அந்த எண்ணை 1 என்று வைத்து அனுப்புகிறது, அப்புறம் 2, அப்புறம் 3. ஒவ்வொரு ரவுட்டராகத் தன் பெயரைச் சொல்லிவிடுகிறது.

ஆனால் இப்படிப் பதில் சொல்வது ரவுட்டருக்குக் கடைசி வேலை. பாக்கெட்டைக் கடத்துவதைத் தனிச் சில்லுகள் மின்னல் வேகத்தில் செய்துவிடும். பதில் எழுதும் வேலை மட்டும் பொதுச் செயலிக்குப் போகும், அது சாவகாசமாகத்தான் எழுதும். சில ரவுட்டர்களில் பதிலே சொல்லாதே என்று அமைத்திருப்பார்கள், நட்சத்திரக் குறி அதனால் வருவது. எட்டில் 410 வந்து ஒன்பதில் 265-க்கு இறங்கியிருக்கிறது, இல்லையா? எட்டில் உண்மையிலேயே நெரிசல் என்றால் அதற்குப் பின்னால் வரும் படிகள் எல்லாமே 410-க்கு மேல் இருக்க வேண்டும். ஏறி, ஏறியபடியே நிற்கும் தாவலை மட்டும்தான் நம்ப வேண்டும். உங்கள் விஷயத்தில் அது ஆறாவது படி.

இன்னொன்று. டிரேஸ்ரூட் காட்டுவது போகும் வழியை. வரும் வழி வேறாக இருக்கலாம், பெரும்பாலும் வேறுதான். பெரியம்மா வீட்டில் யாராவது விவரம் தெரிந்த பிள்ளை இருந்தால் அங்கிருந்தும் ஒன்று ஓட்டச் சொல்லுங்கள்.

4 பிப்ரவரி 2024

'ரவுட்டருக்குத் தெரியாதா எது குறுக்குவழி என்று?' என ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தெரியாது. இதுதான் இந்த விஷயத்தின் மையம், ஆகவே கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

இன்டர்நெட் என்று ஒரே வலை கிடையாது. பல்லாயிரம் தனித்தனி வலைகள். ஒவ்வொன்றுக்கும் ஏ.எஸ். எண் என்ற ஓர் அடையாள எண் உண்டு. உங்கள் கம்பெனி ஒன்று, சென்னைக் கம்பெனி ஒன்று, நடுவில் இருக்கும் ஐரோப்பிய மொத்த வியாபாரி ஒன்று. இவை ஒன்றுக்கொன்று 'இந்தந்த முகவரிகளுக்கு என் வழியாகப் போகலாம்' என்று அறிவித்துக்கொள்ளும் முறைக்குப் பி.ஜி.பி. என்று பெயர். 1989-ல் கர்க் லாஹீட், யாக்கோவ் ரெக்டர் என்ற இரண்டு பொறியாளர்கள் சாப்பாட்டு மேசையில் காகிதக் கைத்துடைப்பான்களில் வரைந்து உருவாக்கியது. திருத்தங்களோடு இன்றும் உலகமே அதில்தான் ஓடுகிறது.

ஒரே ஊருக்கு இரண்டு பேர் வழி சொன்னால் பி.ஜி.பி. எதைத் தேர்ந்தெடுக்கும்? முதலில் பார்ப்பது, நெட்வொர்க் நடத்துபவர் கையால் போட்டுவைத்த முன்னுரிமை எண்ணை. அந்த எண்ணை வைப்பது பணம். எனக்குக் காசு கொடுக்கும் வாடிக்கையாளர் வழி முதலில், காசில்லாமல் மாற்றிக்கொள்ளும் பங்காளி வழி அடுத்து, நான் காசு கொடுத்து வாங்கும் வழி கடைசியில். எல்லோரும் அநேகமாக இப்படித்தான் வைக்கிறார்கள். அதில் சமமானால் அடுத்து வழியில் எத்தனை நெட்வொர்க் என்று எண்ணும். எத்தனை கிலோமீட்டர் என்று எண்ணவே எண்ணாது. மார்செய் போய்வரும் வழியில் மூன்று நெட்வொர்க், கொச்சி வழியில் நான்கு என்றால் மார்செய்தான் குட்டை வழி.

அடுத்த கிராமத்துக்குப் போகப் போர்ட் லூயிஸ் போய் பஸ் மாறுகிற பழக்கம் நமக்கு உண்டல்லவா, அதே கதைதான். கிராமங்களுக்கு நடுவில் ரோடு இருக்கும், அதில் பஸ் விட யாரும் இல்லை. கடலடியில் கொச்சிக்கு இழை இருக்கிறது. ஆனால் உங்கள் கம்பெனியும் பெரியம்மாவின் கம்பெனியும் கைகுலுக்கிக்கொள்ளும் இடம் கொச்சியில் இல்லை, மார்செயில் இருக்கிறது. ஆசியா, ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்கு மூன்றிலிருந்தும் கேபிள்கள் கரையேறும் துறைமுகம் அது. எல்லோரும் அங்கே ஏற்கெனவே இருப்பதால் புதிதாக வருபவரும் அங்கேயே போய்ச் சேருகிறார்.

11 பிப்ரவரி 2024

'நம் எபேனில்தானே ஆப்பிரிக்க இன்டர்நெட்டின் அலுவலகம் இருக்கிறது, அங்கே புகார் கொடுக்கலாமே' என்று ஓர் அக்கா எழுதியிருக்கிறார்.

அது ஆப்ரிநிக். 2005-லிருந்து ஆப்பிரிக்கா முழுமைக்கும் ஐ.பி. முகவரிகளையும் ஏ.எஸ். எண்களையும் பிரித்துக் கொடுக்கும் பதிவகம். உலகத்தில் இப்படி ஐந்துதான். அதில் ஒன்று எபேன் டவர்களுக்கு நடுவில் இருக்கிறது என்பதில் எனக்கு உண்மையிலேயே பெருமை உண்டு. இரண்டு மூன்று வருடமாக வழக்கு, நீதிமன்றம் என்று அது படும் பாடு மனத்தை வருத்துகிறது. ஆனால் பாக்கெட் எந்த வழியில் போக வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை. வீட்டு எண் கொடுப்பது மட்டும் அவர்கள் வேலை.

28 பிப்ரவரி 2024

செங்கடலில் கேபிள்கள் அறுந்த செய்தியைப் பார்த்திருப்பீர்கள். ஏ.ஏ.ஈ.-1, ஈ.ஐ.ஜி., சீகாம் மூன்றும். தாக்குதலுக்கு ஆளான ரூபிமார் என்ற கப்பல் நங்கூரத்தை இழுத்துக்கொண்டே மிதந்ததில் அறுந்திருக்கலாம் என்கிறார்கள். அங்கே சண்டை நடப்பதால் பழுதுபார்க்கும் கப்பல் லேசில் உள்ளே போக முடியாது.

நமக்கு இதில் என்ன? நம்மிடமிருந்து ஐரோப்பா போக இரண்டு பக்கம் உண்டு. ஒன்று லயன்-2 கேபிளில் கென்யாவின் மொம்பாசாவரை போய், அங்கே வேறு கேபிள் பிடித்து செங்கடல் வழியாக மேலே. மற்றொன்று தென்னாப்பிரிக்கா போய் மேற்குக் கரையோடு ஏறுவது. நேற்று ராத்திரி வேலையில் இருக்கும்போது அதே சென்னைத் தளத்துக்கு ஓட்டிப் பார்த்தேன். மார்செய் காணவில்லை. கேப் டவுன், லண்டன், மும்பை, சென்னை. 350-ஐத் தாண்டிவிட்டது.

பி.ஜி.பி.யின் அழகு இதில்தான் தெரியும். கடலடியில் இழை அறுந்தது, யாரும் எழுந்து போய் எதையும் மாற்றவில்லை, சில நிமிடத்தில் ரவுட்டர்கள் தாங்களே ஒருவருக்கொருவர் 'அந்த வழி இனி இல்லை' என்று சொல்லி அடுத்த வழியை எடுத்துக்கொண்டன. பெரியம்மா பேச்சு இன்னும் கொஞ்சம் பிந்தியது, அறுபடவில்லை.

2 மார்ச் 2024

'யார் என்ன அறிவித்தாலும் மற்றவர்கள் நம்பிவிடுவார்களா? பொய் சொன்னால்?' நல்ல கேள்வி. நம்பிவிடுவார்கள். 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தானில் யூடியூபைத் தடைசெய்ய அரசு உத்தரவு. அங்குள்ள தொலைத்தொடர்பு நிறுவனம் யூடியூபின் முகவரிகளில் ஒரு பகுதி தன்னிடம் இருப்பதாகத் தன் நாட்டுக்குள் அறிவித்தது. அந்த அறிவிப்பு ஹாங்காங் வழியாக வெளியே கசிந்துவிட்டது. யூடியூப் அறிவித்திருந்தது 1,024 முகவரி கொண்ட தொகுதி. இவர்கள் அறிவித்தது அதற்குள் 256 மட்டும். ரவுட்டர் எப்போதும் குறுகிய, துல்லியமான தொகுதியைத்தான் நம்பும், அது மாறாத விதி. உலகம் முழுக்க யூடியூபுக்குப் போக வேண்டிய பாக்கெட்டுகள் பாகிஸ்தானுக்குப் போய்ச் செத்தன. சுமார் இரண்டு மணி நேரம்.

இப்போது ஆர்.பி.கே.ஐ. என்று ஒரு முறை வந்திருக்கிறது. இந்த முகவரித் தொகுதியை அறிவிக்க இந்த ஏ.எஸ்.-க்குத்தான் உரிமை என்று கையெழுத்திட்ட சான்று. நம் கண்டத்துக்கு அந்தச் சான்றுகளின் வேர் எபேனில்தான். அக்காவின் கேள்விக்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வழியைத் தீர்மானிக்கும் அதிகாரம் ஆப்ரிநிக்கிடம் இல்லை, ஆனால் பொய்யான வழியை அடையாளம் காட்டும் வேலையில் அதற்குப் பங்கு உண்டு.

15 மார்ச் 2024

நேற்று மேற்குக் கரையிலும் போய்விட்டது. ஐவரி கோஸ்ட் பக்கத்தில் வாக்ஸ், ஏஸ், மெயின்ஒன், சாட்-3 நான்கு கேபிளும் ஒரே நாளில். அந்தக் கரையோரக் கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது, அங்கே மண் சரிந்திருக்கலாம் என்கிறார்கள். பல நாடுகளில் நெட் முடங்கிக் கிடக்கிறது.

பிறகு எழுதுகிறேன், வேலை தலைக்குமேல்.

17 மார்ச் 2024

இரண்டு ராத்திரி தூக்கமில்லை. இப்போது சொல்கிறேன். சாட்-3 என்பது நம் சேஃபின் மறுபாதி. சேஃப் முடியும் மெல்க்போஸ்ஸ்ட்ராண்டில் சாட்-3 தொடங்கி போர்ச்சுகல்வரை போகிறது. ஆக, கிழக்கே செங்கடல் அறுந்து, மேற்கே இதுவும் அறுந்து, நம்மைச் சுற்றியிருக்கும் ஐரோப்பா வழிகள் ஒரே மாதத்துக்குள் பலவும் பாதிக்கப்பட்டன. புதிய ஈக்கியானோ கேபிள் தாங்கியதால் தென்னாப்பிரிக்கா சமாளித்தது. அதன் புண்ணியத்தில் நாமும்.

ஆழ்கடலில் கிடக்கும் கேபிள் இரண்டு சென்டிமீட்டர் தடிமன் இருந்தால் அதிகம். அறுந்த இடத்தைக் கண்டுபிடிப்பது கரையிலிருந்தே நடக்கும்: இழைக்குள் ஒளித்துடிப்பு ஒன்றை விட்டு, உடைந்த முனையில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்தால் தூரம் கிடைத்துவிடும். அப்புறம் கப்பல் போய்க் கொக்கி போட்டு இரண்டு முனையையும் மேலே இழுத்து, தளத்தில் வைத்து இழை இழையாக ஒட்டவைக்கும். நம் பக்கத்துக்கு இந்த வேலைக்கு வருவது கேப் டவுனில் நிற்கும் லெயோன் தெவெனேன். 1983-ல் கட்டிய கப்பல், இன்னும் உழைக்கிறது.

எனக்குள் ஓடுவது ஒன்றுதான். இத்தனை நாளும் நான் சுற்றுவழி என்றால் தாமதம் என்று மட்டும் எழுதிவந்தேன். மொரீசியஸ்காரர் சென்னைக்காரரோடு பேச செங்கடலும் ஐவரி கோஸ்ட்டும் நன்றாக இருக்க வேண்டும் என்பது தாமதத்தைவிடப் பெரிய விஷயம். நடுவில் இருப்பது ஒரே ஒரு சமுத்திரம். அதன் அடியில் நம் இழை உயிரோடு கிடக்கிறது.

24 மார்ச் 2024

ரொட்ரீக்ஸிலிருந்து ஒரு நண்பர்: 'நீங்கள் 280-க்கு அழுகிறீர்கள், எங்களைப் பாருங்கள்.' உண்மை. 2019-ல் மார்ஸ் கேபிள் போடும்வரை அந்தத் தீவுக்கு சாட்டிலைட்தான். பூமியைச் சுற்றும் அந்தச் சாட்டிலைட் நிற்பது சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில். ஏறி இறங்கி, பதில் ஏறி இறங்கினால் அரை நொடி போய்விடும். போர்ட் லூயிஸிலிருந்து ரொட்ரீக்ஸ் 600 கிலோமீட்டர்கூட இருக்காது. அந்த நாளில் போர்ட் மத்துரேனில் ஒரு அலுவலகத்துக்கு இங்கிருந்து ரிமோட்டில் வேலை பார்ப்பேன். ஓர் எழுத்தைத் தட்டினால் அது திரையில் வரும்வரை விரலைத் தூக்கிவைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். சுமார் 700 கிலோமீட்டர் கேபிள் ஒன்று வந்ததும் அதெல்லாம் பழங்கதை ஆனது. அங்கே இழையே இல்லாதது பிரச்சினை. இங்கே இழை இருந்தும் பேச்சுவார்த்தை இல்லை.

14 மே 2024

மறுபடியும். ஞாயிற்றுக்கிழமை டர்பனுக்கு வடக்கே ஈசி, சீகாம் இரண்டு கேபிளும் அறுந்தன. தான்சானியா, கென்யா பக்கம் மோசமாம்.

உள்ளூரிலேயே சந்தித்துக்கொள்வதன் அருமை இப்படிப்பட்ட நாளில்தான் தெரிகிறது. நெட்வொர்க்குகள் ஓர் ஊரிலேயே கூடி நேரடியாகப் பாக்கெட் மாற்றிக்கொள்ளும் இடத்தை எக்ஸ்சேஞ்ச் என்போம். ஜோகன்னஸ்பர்க்கில் 1996-லேயே ஒன்று வந்துவிட்டது. நைரோபியில் 2000-த்தில் தொடங்கியபோது, அங்கிருந்த தொலைபேசி நிறுவனம் ஏகபோக உரிமையைக் காட்டிப் புகார் செய்ய, ஒழுங்குமுறை ஆணையம் சில வாரத்திலேயே மூடிவைத்தது. கென்யாக்காரர்கள் விடாமல் வழக்காடி 2002-ல் திறந்தார்கள். நம்மிடமும் எம்.ஐ.எக்ஸ்.பி. என்ற எக்ஸ்சேஞ்ச் இருக்கிறது. நேற்று ரோஸ் ஹில்லில் ஒரு கம்பெனி லைனிலிருந்து கத்ர் போர்னில் இன்னொரு கம்பெனி லைனுக்கு ஓட்டினேன்: நான்கு மில்லிநொடி. ஆப்பிரிக்கக் கரை முழுக்கக் கேபிள் அறுந்து கிடக்கிற நாளில் இந்த நான்கைப் பார்க்கத் திருப்தியாக இருந்தது.

19 மே 2024

சென்னைப் பக்கத்து டிரேஸ் வந்துவிட்டது, பெரியம்மாவின் பேரனுக்கு நன்றி. அங்கிருந்து இங்கே வரும் பாக்கெட் மார்செய் பக்கமே போகவில்லை. சிங்கப்பூர் போய்த் திரும்பி வருகிறது, கடைசித் தாவலின் அளவைப் பார்த்தால் சேஃபில்தான் ஏறியிருக்கும் என்று படுகிறது. போக ஒரு கண்டம், வர ஒரு கண்டம். அதிலும் புதிய முகவரி முறையான ஐ.பி. ஆறாம் பதிப்பில் ஓட்டினால் வழி வேறு. இரண்டு பதிப்புக்கும் அறிவிப்புகள் தனித்தனி, ஒப்பந்தங்களும் தனித்தனியாக இருக்கலாம்.

ஒன்று நிச்சயமாகிறது. உங்கள் கம்பெனிக்குக் கிழக்குப் பக்கம் பாக்கெட் வாங்க வழி இருக்கிறது. கொடுக்க மட்டும் மனம் வைக்கவில்லை.

2 ஜூன் 2024

அந்தக் கம்பெனியில் நெட்வொர்க் பார்க்கும் ஒருவரோடு பேசினேன். நல்ல மனிதர், ஒளிக்காமல் சொன்னார். ஐரோப்பாவில் மொத்த விலை மலிவு, இந்தியக் கரையில் அதே அளவு வாங்க விலை அதிகம். இந்தியாவுக்குப் போகும் போக்குவரத்து தனியாக எவ்வளவு என்று மேலிடத்துக்குக் காட்ட முடிந்தால், அதை மட்டும் கிழக்கே திருப்ப முன்னுரிமை எண்ணை மாற்றக் கேட்கலாம் என்றார். வாடிக்கையாளர் புகாரில் 'நெட் ஸ்லோ' என்று மட்டும் இருந்தால் அது வேறு மேசைக்குப் போய்விடுமாம்.

எனவே, சென்னை, மதுரை, கோவை என்று பேசுகிறவர்கள் எல்லோரும் இதைச் செய்யுங்கள். காலை ஒன்று, இரவு எட்டு மணிக்கு மேல் ஒன்று, டிரேஸ்ரூட். முடிந்தால் அந்தப் பக்கத்திலிருந்தும் ஒன்று. தேதி, நேரம், எந்த ஊர், எந்த வகை லைன் என்று எழுதுங்கள். உங்கள் முகவரி தெரியும் முதல் இரண்டு வரியை அழித்துவிட்டு ஒட்டுங்கள். புகார் எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். ஜூன் கடைசியில் எல்லாவற்றையும் ஒரே அட்டவணையாக்கி அவரிடம் கொடுக்கிறேன்.